மூளையின் காவல்காரனைக் கண்டவர்

ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி ரியோ ஓர்ட்டேகாவின் வாழ்க்கை

மனிதனின் மூளைக்கு என்று தனியாக ஒரு காவல் படை இருக்கிறது.

இரவு பகல் என்று பாராமல் அது ரோந்து சுற்றுகிறது. மூளையில் காயம் பட்டால் அந்த இடத்துக்கு ஓடுகிறது. கிருமி நுழைந்தால் விழுங்குகிறது. செத்துப் போன அணுக்களைத் தின்று இடத்தைச் சுத்தம் செய்கிறது.

இந்தக் காவல் படைக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. சில சமயம், ரத்தத்தில் இருந்து வரும் வேறு அணுக்களோடு சேர்ந்துகொண்டு, காக்க வேண்டிய வீட்டையே இடிக்கத் தொடங்கிவிடும். அப்போது நன்றாக இருந்த மனிதருக்குக் கண் மங்குகிறது. கால் தள்ளாடுகிறது. கை மரத்துப் போகிறது.

மூளைக்குள் இப்படி ஒரு காவல் படை இருக்கிறது என்பது நூறு ஆண்டுகளுக்கு முன்பு வரை யாருக்கும் சரியாகத் தெரியாது. அதை முதன் முதலில் தெளிவாகக் கண்டு, படம் வரைந்து, பெயரும் வைத்தவர் ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த பியோ டெல் ரியோ ஓர்ட்டேகா.

அந்தக் கண்டுபிடிப்புக்கு அவர் கொடுத்த விலை பெரியது. குருவின் அன்பை இழந்தார். வேலை செய்த இடத்தை இழந்தார். பின்னால் உள்நாட்டுப் போர் வந்து, சொந்த நாட்டையும் இழந்தார்.

கிராமத்து டாக்டர்

ஸ்பெயினில் வாயாதோலித் என்ற நகரம் இருக்கிறது. அதன் அருகே போர்த்தியோ என்று ஒரு சிற்றூர். குன்றின் மேல் பழைய கோட்டை உள்ள ஊர் அது. அங்கே 1882ஆம் ஆண்டு மே 5ஆம் தேதி ரியோ ஓர்ட்டேகா பிறந்தார்.

வாயாதோலித் பல்கலைக் கழகத்தில் மருத்துவம் படித்தார். 1905இல் டாக்டர் ஆனார். பிறந்த ஊருக்கே திரும்பிப் போய், கொஞ்ச காலம் வைத்தியம் பார்த்தார்.

ஆனால் அவருடைய மனம் அதில் நிற்கவில்லை. நோய் வந்தபின் மருந்து கொடுப்பதைவிட, உடம்புக்குள் நோய் என்ன செய்கிறது என்று பார்ப்பதிலேயே ஆசை அதிகம். மைக்ராஸ்கோப் முன் உட்கார்ந்தால் அவருக்கு நேரம் போவதே தெரியாது. படம் வரைவதிலும் அவர் கெட்டிக்காரர். கண்ணில் பட்ட அணுவை அப்படியே தாளில் இறக்கிவிடுவார். போட்டோ பிடிப்பது கடினமாக இருந்த அந்தக் காலத்தில், இந்தத் திறமை பெரிய ஆயுதமாக இருந்தது.

மூளையில் வரும் கட்டிகளைப் பற்றி ஆராய்ந்து 1908இல் உயர் பட்டம் பெற்றார். பிறகு படித்த பல்கலைக் கழகத்திலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். 1913இல் உதவித் தொகை கிடைத்து, பாரிஸ், பெர்லின் முதலிய நகரங்களுக்குப் போய்ப் படித்தார். அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. படிப்பு பாதியில் நின்றது. ஸ்பெயினுக்குத் திரும்பினார்.

வழி காட்டிய நண்பர்

தலைநகர் மாட்ரிட்டில் நிக்கோலாஸ் அச்சூகாரோ என்ற டாக்டர் ஓர் ஆராய்ச்சிக் கூடம் நடத்தி வந்தார். ஜெர்மனியில் அல்ஸைமர் என்ற புகழ் பெற்ற டாக்டரிடம் வேலை பழகியவர் அவர். ரியோ ஓர்ட்டேகாவைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். 1915இல் ரியோ ஓர்ட்டேகா அவரிடம் சேர்ந்தார். அச்சூகாரோ ஆசிரியராகவும் இருந்தார், நண்பராகவும் இருந்தார்.

மூளை நோய்களில் நரம்பு அணுக்களைச் சுற்றியுள்ள சின்னஞ்சிறு அணுக்கள் என்ன ஆகின்றன? இதுதான் அச்சூகாரோவை ஆட்டிப் படைத்த கேள்வி.

விடை காண அவருக்கு ஆயுள் போதவில்லை. கொடிய நோய் ஒன்று அவரைப் படுக்கையில் தள்ளியது. 1918இல் 37 வயதில் இறந்து போனார். அவர் விட்டுப் போன கேள்வியும் ஆராய்ச்சிக் கூடமும் ரியோ ஓர்ட்டேகாவின் பொறுப்புக்கு வந்தன.

மூன்றாவது இனம்

அந்தக் கட்டிடத்திலேயே இன்னொரு ஆராய்ச்சிக் கூடமும் இருந்தது. அது உலகப் புகழ் பெற்றது. அதன் தலைவர் சாந்தியாகோ ரமோன் இ கஹால்.

கஹால் யார் தெரியுமா? நரம்பு மண்டலம் தனித்தனி அணுக்களால் ஆனது என்று நிலைநாட்டியவர். 1906இல் நோபல் பரிசு பெற்றவர். ஸ்பெயின் நாட்டின் விஞ்ஞானப் பெருமை முழுவதும் அவர் ஒருவரிடமே இருப்பதாக மக்கள் நினைத்த காலம் அது.

மூளையில் பல வகை அணுக்கள் உண்டு. முதல் இனம் நரம்பு அணுக்கள். நாம் நினைப்பதும், பார்ப்பதும், நடப்பதும் இவற்றால்தான். இரண்டாவது இனம் நட்சத்திரம் போல் கைகளை நீட்டிக்கொண்டு நரம்பு அணுக்களுக்குத் துணை நிற்பவை.

இவை தவிர வேறு சில அணுக்களையும் கஹால் கண்டார். அவர் கண்ணுக்கு அவை வெறும் உருண்டைகளாகத்தான் தெரிந்தன. கையும் இல்லை, கிளையும் இல்லை. எனவே அவற்றை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து மூன்றாவது இனம் என்று ஒதுக்கி வைத்தார்.

அவை உண்மையில் உருண்டைகள்தானா? ரியோ ஓர்ட்டேகாவுக்குச் சந்தேகம் வந்தது.

வெள்ளி காட்டிய வழி

மூளையை மெல்லிய தகடாகச் சீவி மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தால் எதுவும் தெளிவாகத் தெரியாது. எல்லாம் ஒரே நிறமாக இருக்கும். ஏதாவது சாயம் ஏற்றினால்தான் அணுவின் உருவம் தெரியும். எந்தச் சாயம் ஏற்றுகிறோமோ, அந்தச் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் அணு மட்டுமே கண்ணில் படும். மற்றவை இருந்தும் இல்லாதவை போலத்தான்.

கஹால் தங்கத்தின் உப்பைப் பயன்படுத்தினார். அதில் நட்சத்திர அணுக்கள் அழகாகத் தெரிந்தன. மூன்றாவது இனத்தின் நடுப்பகுதி மட்டும் தெரிந்தது. கிளைகள் மறைந்து போயின.

ரியோ ஓர்ட்டேகா வெள்ளியை எடுத்துக்கொண்டார். பழைய காலத்தில் போட்டோ பிடிக்கப் பயன்பட்டதும் வெள்ளி உப்புதான். வெள்ளி நைட்ரேட்டுடன் சோடா உப்பைக் கலந்தார். பிறகு அம்மோனியா சேர்த்தார். அந்தக் கரைசலில் மூளைத் தகடுகளை ஊற வைத்தார். சூட்டைக் கூட்டினார், குறைத்தார். நேரத்தை மாற்றினார். சமையலில் உப்பும் புளியும் பக்குவமாகச் சேர வேண்டியது போல, இதிலும் எல்லாம் சரியான பதத்தில் சேர வேண்டும்.

ஒரு நாள் பதம் சரியாக அமைந்தது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். மஞ்சள் பின்னணியில் கன்னங்கரேல் என்று அணுக்கள் தெரிந்தன. கிளை இல்லாத உருண்டைகள் என்று நினைத்தவற்றுக்கு எத்தனை கிளைகள்! கிளையில் கிளையாக, முள்முள்ளாக, புதர்ச் செடி போல அவை படர்ந்து கிடந்தன.

பிடிபட்டான் காவல்காரன்

உருவம் தெரிந்துவிட்டது. இனி அவற்றின் தொழில் என்ன என்று தெரிய வேண்டும்.

பிராணிகளின் மூளையில் சிறு காயம் உண்டாக்கிச் சோதனை செய்தார். காயம் பட்ட பிறகு அணுக்களில் என்ன மாறுதல் வருகிறது என்று படிப்படியாகப் பார்த்து வந்தார்.

அதிசயம் நடந்தது!

அமைதியாக இருந்த புதர் அணுக்கள் தங்கள் கிளைகளை உள்ளே இழுத்துக்கொண்டன. உடம்பு பருத்தது. காயம் பட்ட இடத்தை நோக்கி நகர்ந்தன. அங்கே கிடந்த சிதைவுகளை விழுங்கி, உருண்டு திரண்டு நின்றன. ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் சில கிருமிகளை விழுங்கும் அல்லவா? அந்த வேலையைத்தான் இவை மூளைக்குள் செய்தன.

இந்த அணுக்களுக்கு மைக்ரோக்ளியா என்று பெயர் வைத்தார். 1919ஆம் ஆண்டு வரிசையாகக் கட்டுரைகள் எழுதி இவற்றை வெளியிட்டார்.

இன்னொன்றும் சொன்னார். இவை மற்ற மூளை அணுக்களின் வம்சம் அல்ல. குழந்தை கருவில் வளரும்போது வெளியில் இருந்து மூளைக்குள் குடியேறியவை என்றார். பலர் இதை நம்பவில்லை.

குருவின் கோபம்

முக்கியமாக, கஹாலுக்கே இது பிடிக்கவில்லை.

தாம் மூன்றாவது இனம் என்று சொன்னதை, பக்கத்து அறையில் வேலை செய்யும் இளைஞர் இரண்டாகப் பிரிக்கிறார். மைக்ரோக்ளியா தனி, மிச்சம் தனி என்கிறார். கஹாலுக்கு அப்போது 68 வயது. ரியோ ஓர்ட்டேகாவுக்கு 38 வயது.

1920இல் கஹால் மறுப்புக் கட்டுரை எழுதினார். இந்த அணுக்களை ராபர்ட்சன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் முன்பே கண்டுவிட்டார் என்று அதில் எழுதினார். ரியோ ஓர்ட்டேகா ஒப்புக்கொள்ளவில்லை. ராபர்ட்சன் பார்த்தவை வேறு அணுக்கள் என்று வாதாடினார்.

கருத்து வேற்றுமை மட்டும் என்றால் தீர்ந்திருக்கும். ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த சிலருடைய கோள் பேச்சும், ஊழியரோடு உண்டான சில்லறைத் தகராறும் அதோடு சேர்ந்துகொண்டன. பெரியவரின் காதுக்குப் போன செய்திகள் நெருப்பில் எண்ணெய் ஊற்றின.

முடிவு? அதே ஆண்டில் ரியோ ஓர்ட்டேகா அந்த இடத்தை விட்டு வெளியேற்றப்பட்டார்.

நாடே வணங்கும் ஒரு பெரியவரோடு முரண்பட்டு வெளியே வந்தவருக்கு யார் இடம் கொடுப்பார்கள்? நல்ல வேளையாக, மாட்ரிட்டில் இருந்த மாணவர் இல்லம் ஒன்றில் ஆராய்ச்சி செய்ய அவருக்கு இடம் கிடைத்தது. கவிஞர் லோர்கா, ஓவியர் டாலி போன்றவர்கள் இளமையில் தங்கி இருந்த இல்லம் அது. அங்கே மைக்ராஸ்கோப்பை வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

அவர் ஒருபோதும் கஹாலைத் தூற்றவில்லை. கடைசி வரை அவரைக் குருவாகவே மதித்தார். ஆனால் தாம் கண்ணால் கண்டதை, குருவுக்காக இல்லை என்று சொல்லவும் இல்லை. காலம் போகப் போக, கஹாலின் கோபமும் தணிந்தது.

உறை போடும் அணு

புது இடத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. மூன்றாவது இனத்தில் மிச்சம் இருந்த அணுக்களை ஆராய்ந்தார். 1921இல் அவற்றுக்கு ஒலிகோடெண்ட்ரோக்ளியா என்று பெயர் வைத்தார். கிளைகள் குறைவாக உள்ள அணு என்று அர்த்தம்.

மின்சாரக் கம்பியின் மேல் ரப்பர் உறை இருக்கிறது. உறை கிழிந்தால் மின்சாரம் கசியும். விளக்கு சரியாக எரியாது. அதுபோல, மூளையில் உள்ள நரம்பு இழைகளின் மேலும் ஓர் உறை உண்டு. அதற்கு மயலின் என்று பெயர். அந்த உறை இருந்தால்தான் செய்தி வேகமாகப் போகும்.

இந்த உறையைப் போடுவது ஒலிகோடெண்ட்ரோக்ளியாதான் என்று ரியோ ஓர்ட்டேகா அனுமானித்தார். 1928இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். 1960களில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் மூலம் அது உண்மை என்று நிரூபணம் ஆயிற்று. அப்படி ஓர் அணு, ஒரே சமயத்தில் பல இழைகளுக்கு உறை போடுகிறது.

காவல்காரனைக் கண்டவரே, உறை போடும் தொழிலாளியையும் கண்டுவிட்டார்!

கடல் கடந்து வந்த மாணவர்

உள்நாட்டில் தகராறு நடந்தாலும் வெளிநாட்டில் அவர் புகழ் பரவியது. 1924இல் அமெரிக்காவில் இருந்து வைல்டர் பென்ஃபீல்டு என்ற இளம் அறுவை டாக்டர் மாட்ரிட்டுக்கு வந்தார். வெள்ளிச் சாய முறையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே கப்பல் ஏறி வந்தவர். சில மாதங்கள் ரியோ ஓர்ட்டேகாவிடம் தங்கிப் பழகினார்.

பின்னாளில் கனடாவில் மான்ட்ரியால் நரம்பியல் நிலையத்தை நிறுவி உலகப் புகழ் பெற்றவர் இந்தப் பென்ஃபீல்டுதான். 1932இல் அவர் வெளியிட்ட பெரிய நூலில், மைக்ரோக்ளியாவைப் பற்றிய பகுதியை எழுதியவர் ரியோ ஓர்ட்டேகா. அதன் மூலம் ஆங்கிலம் படித்த டாக்டர்கள் எல்லோருக்கும் அவர் வேலை தெரிந்தது.

நோபல் பரிசுக்கு அவர் பெயர் 1929இலும் 1937இலும் சிபாரிசு செய்யப்பட்டது. இரண்டு முறையும் பரிசு கிடைக்கவில்லை.

ஊர் ஊராக

1936இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்தது. அப்போது அவர் மாட்ரிட்டில் புற்றுநோய் நிலையத்தின் தலைவராக இருந்தார். போர்முனை நகரின் எல்லைக்கே வந்துவிட்டது. குண்டுகள் விழுந்தன. ஆராய்ச்சி எப்படி நடக்கும்?

முதலில் வலென்சியா நகருக்குப் போனார். அங்கிருந்து பாரிஸ் போனார். பிறகு இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு. போன இடம் எல்லாம் மருத்துவமனைகளில் மூளைக் கட்டிகளை ஆராய்ந்தார். 1939இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது.

அந்த ஆண்டிலேயே ஸ்பெயின் போர் முடிந்தது. அவர் ஆதரித்த குடியரசு தோற்றது. ஊருக்குத் திரும்ப வழி இல்லை. இதற்குள் இரண்டாவது உலகப் போர் தொடங்கிவிட்டது.

1940இல் அட்லாண்டிக் கடலைக் கடந்து அர்ஜென்டினா போனார். தலைநகர் போனஸ் அயர்சில் வாழ்ந்த ஸ்பெயின் மக்களின் சங்கம் அவருக்கு ஓர் ஆராய்ச்சிக் கூடம் அமைத்துக் கொடுத்தது. ஏறக்குறைய 60 வயதில், தெரியாத ஊரில், மீண்டும் முதலில் இருந்து தொடங்கினார். மாணவர்களைச் சேர்த்தார். ஓர் ஆராய்ச்சிப் பத்திரிகையும் நடத்தினார்.

வாழ்நாள் முழுவதும் கட்டிகளை ஆராய்ந்தவரைப் புற்றுநோய் பிடித்துக்கொண்டது. 1945ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் தேதி, போனஸ் அயர்சில் அவர் காலமானார். அப்போது அவருக்கு 63 வயது.

காவல்காரன் எதிரி ஆனால்

மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று ஒரு நரம்பு நோய் உண்டு. பிரான்ஸ் நாட்டு டாக்டர் ஷார்கோ 1868இலேயே இதைத் தெளிவாக விவரித்தார். பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் தொடங்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. இது தொற்று நோய் அல்ல. 2020இல் எடுத்த கணக்குப்படி, உலகில் சுமார் 28 லட்சம் பேருக்கு இந்த நோய் இருந்தது.

இது எப்படி வருகிறது? நெடுங்காலம் யாருக்கும் புரியவில்லை.

1930களில் நியூயார்க்கில் ரிவர்ஸ் என்ற விஞ்ஞானி ஒரு சோதனை செய்தார். முயலின் மூளைச் சாற்றைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்ப ஊசி மூலம் போட்டார். சில குரங்குகளுக்குக் கை கால் விளங்காமல் போயிற்று. அவற்றின் மூளையில் மயலின் உறை அழிந்து கிடந்தது. கிருமி இல்லாமலே, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்க முடியும் என்பது இதில் இருந்து தெரிய வந்தது.

மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயிலும் நடப்பது இதுதான் என்று இன்று டாக்டர்கள் சொல்கிறார்கள். நோய் எதிர்ப்பு அணுக்களில் சில ரத்தத்தில் இருந்து வழி தவறி மூளைக்குள் புகுகின்றன. சொந்த உறையையே அந்நியன் என்று நினைத்துத் தாக்குகின்றன. உள்ளே இருக்கும் மைக்ரோக்ளியாவும் அவற்றோடு சேர்ந்துகொள்கிறது. உறை உரிகிறது. உறை போடும் அணுக்களும் மடிகின்றன. செய்தி போகும் பாதை கெடுகிறது.

அடிப்பவனும் அடிபடுபவனும் ரியோ ஓர்ட்டேகா கண்டுபிடித்த அணுக்களிலேயே இருக்கிறார்கள்!

ஆனால் மைக்ரோக்ளியாவை வெறும் வில்லன் என்று சொல்லிவிட முடியாது. உரிந்து கிடக்கும் உறையைத் தின்று இடத்தைச் சுத்தம் செய்தால்தான் புது உறை போட முடியும். அந்த வேலையையும் அதுதான் செய்கிறது. கெடுப்பதும் அதுவே, செப்பனிடத் துணை நிற்பதும் அதுவே. கெடுக்கும் குணத்தை மட்டும் அடக்க மருந்து காண முடியுமா என்று பல நாடுகளில் ஆராய்ச்சி நடக்கிறது.

இந்த நோயை அடியோடு போக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் 1993 முதல், நோயின் வேகத்தைக் குறைக்கும் மருந்துகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்கின்றன. காலத்தில் டாக்டரிடம் போகிறவர்கள் பலர், வேலை பார்த்துக் குடும்பம் நடத்தி வாழ்கிறார்கள்.

சொன்னது பலித்தது

2005இல் விஞ்ஞானிகள் உயிருள்ள எலியின் மூளைக்குள் மைக்ரோக்ளியாவை நேராகப் பார்த்தார்கள். காயம் இல்லாத நேரத்தில்கூட அது தன் கிளைகளை நீட்டியும் மடக்கியும் சுற்றுப்புறத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தது. காவல்காரன் தூங்குவதே இல்லை என்று தெரிந்தது.

2010இல் எலிகளில் நடந்த இன்னொரு ஆராய்ச்சி, இந்த அணுக்கள் கருப்பருவத்தில் மூளைக்கு வெளியே தோன்றி உள்ளே குடியேறுகின்றன என்று காட்டியது. வெள்ளிக் கரைசலும், பழைய மைக்ராஸ்கோப்பும், ஒரு பென்சிலும் வைத்துக்கொண்டு ரியோ ஓர்ட்டேகா 1919இல் சொன்னதும் அதுதானே!

1986இல் அவருடைய உடலின் எச்சங்கள் அர்ஜென்டினாவில் இருந்து ஸ்பெயினுக்குக் கொண்டுவரப்பட்டன. தாய்நாட்டை விட்டுப் போய் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, அவர் படித்த வாயாதோலித் நகரிலேயே, பெரியோர்களுக்கான மண்டபத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அந்த நகரின் பெரிய மருத்துவமனை ஒன்றுக்கு அவர் பெயரையே சூட்டி இருக்கிறார்கள். கண் மங்கி, கால் தள்ளாடி அங்கே வரும் நோயாளிகள் ரியோ ஓர்ட்டேகாவின் பெயர் எழுதிய வாசல் வழியாகத்தான் உள்ளே நுழைகிறார்கள்.